பணிமேசையிற் கம்பியும் பற்றாசும்

யாப்பிலக்கணம் பயின்ற பழைய மாணவர்க்கு ‘ஆசிடை நேரிசை வெண்பா’ என்னும் தொடர் மறந்திராது. முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை அறுந்து நிற்குமாயின், ஓரசையோ ஈரசையோ இட்டு அவ்விரண்டையும் இணைப்பர். அங்ஙனம் இடப்படும் அசைக்கு ஆசு என்று பெயர். கம்மியர் இரண்டு உலோகத் துண்டுகளுக்கிடையே உருக்கி வைக்கும் பற்றாசே இப்பெயருக்கு மூலம். ஆகவே பற்றாசு என்பது விஞ்ஞான பாடநூல் நமக்குத் தந்த புதுச்சொல் அன்று. கம்மியர் தெருவிலிருந்து இலக்கண நூலுக்குச் சென்று, அங்கிருந்து வானொலி திருத்துவோர் மேசைக்கு மீண்டு வந்த சொல். அம்மேசையிலே கம்பியையும் பற்றாசையும், வீட்டிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்த தாங்கிகளில் எவ்வாறு வைத்துப் பேணலாம் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

சிறு பொருள் என்று இதனை ஒதுக்குவோர் உளர். கருவியின் சுற்றுப்படத்தை வாசிக்கக் கற்பிப்போரும், பழுதைக் கண்டுபிடிக்கக் கற்பிப்போரும் கம்பியை எங்கே வைப்பது என்று கற்பிப்பதில்லை. கொழும்பிலே விசாலமான கடை வைத்திருப்பவர்க்கு அது தேவைப்படாமலும் இருக்கலாம். றொசல்லப் பகுதியிலே தொழில் கற்கும் இளைஞனுக்கோ அது மிகவும் தேவை. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது காரணம் மழை. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் அமைந்த சிறு நிலையம் றொசல்ல. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் மேற்குச் சரிவு அது. இலங்கையிலே மிகுந்த மழை பெறும் இடங்களில் வட்டவளைச் சுற்றுப்புறமும் ஒன்று. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சுவரும் ஈரம், சட்டையும் ஈரம், மேசையின் இழுப்பறையும் ஈரம். இரண்டாவது காரணம் இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பெயர்பெற்ற லயக் காம்பராவிலே, தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் ஒலிபெருக்கியையும் திருத்துகின்ற மேசை ஒரு மூலையென்றால், அடுப்பும் பாயும் குழந்தையும் அதற்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும். இவ்விரண்டு காரணங்களையும் மனத்திற் கொண்டால், கம்பிக்கு வேண்டியது எது, பற்றாசுக்கு வேண்டியது எது என்பது தெளிவாகும். கம்பி சுழன்று அவிழ வேண்டும். பற்றாசு உணவிலிருந்து விலகி நிற்க வேண்டும். ஏனைய யாவும் இவ்விரண்டின் விரிவே.

கம்பியை முதலில் நோக்குவோம். கடைக்காரர் ‘றோல்’ என்னும் சுருட்கட்டையை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, அதன் தலைப்பக்கமாகக் கம்பியை உருவுவதே பெரும்பாலோர் வழக்கம். எளிதாகவே வரும். ஆயினும் கட்டை அசையாது நிற்க, கம்பி அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் கழன்று வருகையில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழு முறுக்கு அதிலே ஏறிவிடுகின்றது. ஐந்து சதமமீற்றர் விட்டமுள்ள கட்டையின் சுற்றளவு ஏறக்குறைய 15.7 சதமமீற்றர். எனவே ஒரு மீற்றர் கம்பியை உருவினால் ஆறுக்கு மேற்பட்ட முறுக்குகள் அதனுள்ளே அடங்கியிருக்கும். கம்பியைத் தளர விட்ட கணமே அது தானாகச் சுருண்டு கண்ணி விழும். கண்ணியை இழுத்து நிமிர்த்தினால் அவ்விடத்தில் ஒரு கூனல் நிற்கும். செம்பு வளைக்க வளைக்க இறுகும் இயல்புடையது. நிமிர்த்திய கூனல் கண்ணுக்கு நேராகத் தோன்றினும் அவ்விடம் கடினப்பட்டு, பின்னொரு நாள் கருவியின் அதிர்விலே முறிந்துபோகும். திருத்திக் கொடுத்த வானொலி மூன்றாம் மாதம் மீண்டு வருவதற்குப் பற்றாசு பிழைத்தது காரணம் என்று எண்ணுவோம். கம்பி பிழைத்ததே காரணமாக இருத்தலும் உண்டு.

கட்டையைக் கிடையான அச்சிலே கோத்து, அது சுழலும்படி விட்டு, கம்பியை விளிம்புக்கு நேர்த்திசையில் இழுத்தால் முறுக்கு ஏறாது. வீட்டிற் செய்யும் தாங்கி எந்த உருவினதாயினும் இந்த ஒரு விதியை மீறலாகாது. கட்டையின்றி வளையமாகக் கட்டி விற்கப்படும் கம்பிக்கும் விதி இதுவே: வளையத்தை உருட்டி அவிழ்க்க வேண்டும், ஓரத்தால் உருவக்கூடாது.

அச்சுக்கு எதனைக் கொள்வது? மழைநாடு தரும் கொடை ஒன்று உண்டு. அது முறிந்த குடை. றொசல்லப் பக்கத்தில் ஆண்டு முடிவிலே முறிந்த குடையொன்று இல்லாத வீடு அரிது. குடையின் உருக்குத் தண்டு நேரானது, வழுவழுப்பானது. பெரும்பாலான சுருட்கட்டைகளின் துளையினுள் இலகுவாகப் புகும். சிறு கட்டைகளுக்கு ஈருருளியின் ஆரைக்கம்பி போதும். மூங்கிற் குச்சி வேண்டா. ஈரத்திலே வீங்கிக் கட்டையை இறுக்கிவிடும்.

அச்சைத் தாங்க இரண்டு பக்கப் பலகைகள் வேண்டும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை கிடைக்குமாயின் அதனினும் ஏற்றது வேறில்லை. மெல்லிய மரத்தாள்களை ஒட்டிச் செய்த அப்பலகை எடை குறைந்தது. ஆணி அறைந்தாலும் எளிதிற் பிளவாது. இக்காலத்தில் தேயிலை கடதாசிப் பைகளிலே ஏற்றுமதியாவதால் அப்பெட்டிகள் அருகிவிட்டன; ஆயினும் பழைய வீடுகளின் பரண்களில் இன்னும் சில கிடக்கின்றன. தனித் தகடு மெல்லியதாகையால் இரண்டை ஒட்டி ஒரு பக்கமாக்குதல் நன்று. அச்சைச் செருகத் துளை இடாமல், மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கிச் சற்றே பின்சாய்ந்த வெட்டு ஒன்றை இடுக. துளையாயின் ஒரு கட்டையை மாற்றுதற்கு எல்லாக் கட்டைகளையும் கழற்ற வேண்டும். வெட்டாயின் அச்சை அப்படியே தூக்கி எடுக்கலாம். வெட்டு நேராக நின்றால் வேகமாக இழுக்கும்போது அச்சு துள்ளி வெளியேறும்; பின்சாய்வு அதனைத் தடுக்கும். பக்கங்களுக்கிடையே நாற்பது சதமமீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டா. செம்பு நிறைமிக்கது, நீண்ட அச்சு நடுவிலே தொய்யும்.

தாங்கி செய்தோர் பலர் மறந்துவிடும் உறுப்பு ஒன்று உண்டு: தடுப்பு. எளிதாகச் சுழலும் கட்டை, கை நின்ற பின்னும் சுழன்றுகொண்டே இருக்கும். அவிழ்ந்த சுற்றுகள் கட்டையின்மேற் தளர்ந்து, ஒன்றன்கீழ் ஒன்று புகுந்து, பின் இழுத்தால் வராமற் சிக்கிக்கொள்ளும். இதற்குப் பழைய செருப்பின் றப்பர்த் துண்டொன்றைக் கட்டையின் விளிம்பிலே மெல்ல உராயுமாறு பின்பலகையில் ஆணியடித்தாற் போதும். கையை எடுத்ததும் கட்டை நிற்க வேண்டும். இழுக்கும்போது கம்பி நீளக்கூடாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை விரல்தான் அறியும்.

இவ்விடத்தே ஒரு விலக்கையும் கூறுதல் வேண்டும். மாற்றிகளும் சுருள்களும் சுற்றப் பயன்படும் மயிர்போன்ற மெருகிட்ட கம்பிக்கு மேற்கூறிய விதி முழுவதும் பொருந்தாது. நியம அளவில் 36ஆம் இலக்கக் கம்பியின் விட்டம் 0.193 மில்லிமீற்றர் மட்டுமே. கனத்த கட்டையை நிலையிலிருந்து சுழலச் செய்யும் இழுவையே அதனை அறுத்துவிடும். அத்தகைய கம்பியைக் கட்டையை நிமிர்த்தி வைத்துத் தலைப்பக்கமாகவே உருவுவர், சுருள் சுற்றும் தொழிலாளர். இங்கே முறுக்கு சிறு தீமை, அறுதல் பெருந்தீமை. கட்டையின் மேல்விளிம்பு கீறலின்றி வழுவழுப்பாக இருத்தல் வேண்டும். மெருகிலே ஊசிமுனையளவு கீறல் விழுந்தாலும் சுற்றுகள் ஒன்றோடொன்று தொடுத்துச் சுருள் முழுவதும் வீணாகும்.

தாங்கியின் முன்பக்கத்திலே, ஒவ்வொரு கட்டைக்கும் நேராக ஒரு துளையிட்ட சட்டத்தை வைத்தல் நல்லது. கம்பி அத்துளை வழியே வெளிவந்து ஐந்து சதமமீற்றர் நீட்டி நிற்கட்டும். துளையின் மரவிளிம்பு கம்பியைத் தேய்க்காதிருக்க, மை தீர்ந்த பேனாவின் உறையில் ஒரு சிறு துண்டு வெட்டி உள்ளே செருகலாம். கம்பி பின்வாங்கிக் கட்டைக்குள் மறையாதிருக்கக் கீறிய றப்பர்த் துண்டொன்று முன்னே வேண்டும்.

பிளாஸ்ரிக் உறையிட்ட கம்பியைப் பற்றி மற்றுமொரு செய்தி. பீ.வீ.சீ. உறையை மென்மையாக்கச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் வெளியே கசியும். அது பொலிசுரைரீன் என்னும் பளிங்குபோன்ற பிளாஸ்ரிக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதனை இளக்கிவிடும். அழகான கண்ணாடிப் பெட்டியென்று வாங்கிக் கம்பியை அடைத்து வைப்போர், ஓராண்டு கழித்துக் கம்பியும் பெட்டியும் ஒட்டிக்கிடப்பதைக் காண்பதற்கு இதுவே காரணம். தகரப் பெட்டிக்கு இக்குறை இல்லை. எலியும் அதனைக் கடிக்காது.

இனி ஈரம். வெறுஞ்செம்பு ஈரக்காற்றிலே முதலிற் பழுப்பேறிப் பின்னர்க் கறுக்கும். கறுத்த செம்பிலே பற்றாசு படியாது. உருண்டையாகத் திரண்டு நிற்கும். அதன்மேல் எவ்வளவு வெப்பம் ஊட்டினும் பயனில்லை, சுரண்டித்தான் ஆகவேண்டும். ஆகவே றொசல்ல போன்ற இடங்களில் வெறுஞ்செம்பை விட வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியை வாங்குதலே சிக்கனம். விலை சற்று மிகுந்தாலும் சுரண்டும் நேரம் மிஞ்சும். வெறுஞ்செம்பை வைத்திருப்போர் இறுக மூடும் பிஸ்கற் தகரத்துள்ளே, சிலிக்கா ஜெல் பொதியொன்றையும் இட்டு வைக்கலாம். மூடும் நாள் உலர்ந்த நாளாக இருக்கட்டும். மழை நாளிலே மூடிய தகரம் வெளியே உள்ள ஈரத்தைத் தடுப்பதைவிட உள்ளே உள்ள ஈரத்தைக் காத்து வைக்கும். தை, மாசி மாதங்களின் வெயில் இதற்கு ஏற்றது.

விறகை உலர்த்த அடுப்பின்மேற் பரண் கட்டும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. கம்பித் தகரத்தையும் அங்கே ஏற்றினால் ஈரம் அணுகாது என்பர் சிலர். ஈரம் அணுகாதது உண்மை. ஆயின் வெப்பத்திலே கம்பியின் உறை இறுகி வெடிக்கும், புகைக்கரி படியும். அத்தகரத்தில் பற்றாசும் கிடக்குமாயின், அடுத்து வருவதை வாசிப்போர் அதனை அன்றைக்கே கீழே இறக்குவர்.

ஈயக்கம்பி என்று கேட்டாற் கடையிலே எடுத்துத் தருவது பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி. வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும், காரீயம் 327 பாகையிலும் உருகுவன. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவையோ இரண்டினும் தாழ்ந்து 183 பாகையிலேயே உருகும். இவ்வரிய பண்பே காரீயத்தை நூறாண்டாக நம் மேசையில் இருத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள் முதல் மின்னணுக் கருவிகளிற் காரீயத்தைப் பெரும்பாலும் விலக்கியது. அதன் பின்னர்க் காரீயமற்ற பற்றாசு எங்கும் பரவிற்று. வெள்ளியும் செம்பும் சிறிதளவு கலந்த வகை 217 பாகையளவிலும், செம்பு மட்டும் கலந்த வகை 227 பாகையிலும் உருகும். இவ்வகைகளைக் காரீயப் பற்றாசோடு ஒரே அச்சிலே கோத்து வைத்தல் ஆகாது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி எடுத்தால் ஒன்றிற்கு அமைத்த சூடு மற்றதற்குப் பொருந்தாது. காரீயமுள்ளதன் கட்டைக்குச் சிவப்பு நாடா ஒட்டுக.

தகர வேலை செய்வோர் பயன்படுத்தும் நாகக்குளோரைட்டு, நவச்சாரம் ஆகியவற்றை மின்னணு மேசையின் அயலிலும் வைக்கலாகாது. தகரத்தைத் தூய்மையாக்கும் அந்த அரிப்பே மெல்லிய கம்பியைத் தின்றுவிடும். மின்னணு வேலைக்குரிய கம்பியின் நடுவிலே பைன் மரப் பிசினாகிய றொசின் அடைத்திருக்கும்; அதுவே போதுமானது. வினாகிரிப் போத்தலையும் பற்றாசுக்கு அருகில் வைக்க வேண்டா. அதன் ஆவி காரீயத்தை வெள்ளைப் பொடியாக மாற்றும். அப்பொடி எளிதிற் கையிலொட்டி வாய்க்குச் செல்வது.

காரீயம் உடலினுள்ளே புகும் வழியைப் பலர் தவறாகக் கருதுகின்றனர். பற்றாசு வைக்கையில் எழும் புகை காரீயப் புகை அன்று. சூட்டுக்கோலின் வெப்பம் காரீயத்தை ஆவியாக்கப் போதாது. அது றொசின் புகை. அதுவும் மூச்சிழுப்பை உண்டாக்க வல்லதாகையாற் சாளரத்தைத் திறந்து வைத்தல் வேண்டும். காரீயமோ கைவழியே செல்கின்றது. கம்பியைப் பிடித்த விரல் ரொட்டியைப் பிடிக்கின்றது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம், இரத்தத்திலே காரீயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று கூறுகின்றது. வாய்வழியே சென்ற காரீயத்திற் சிறு குழந்தையின் உடல் வளர்ந்தோரைவிட நான்கு ஐந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். அது வளரும் மூளையைத் தாக்கும். அங்ஙனம் இழந்த அறிவை எந்தப் பாடசாலையும் மீட்டுக் கொடுப்பதில்லை.

இந்நிலையில் நம் வீடுகளிலே பற்றாசு எங்கே கிடக்கின்றது? பால்மாப் பேணியில். வீட்டிற் செய்த கொள்கலம் என்றால் முதலிற் கைக்கு வருவது வெறும் பால்மாப் பேணியும் பிஸ்கற் தகரமும் அல்லவா? கம்பிக்கு அவை தக்கன. பற்றாசுக்கு அவை ஒருபோதும் ஆகா. எழுத்தறியாக் குழந்தைக்குப் பேணியின்மேல் ஒட்டிய சீட்டு ஒன்றும் சொல்லாது. அதிலுள்ள படமே சொல்லும். தனக்கு உணவு தந்த பேணியை அது திறந்து பார்க்கும், உள்ளிருப்பதை வாயிலிடும். மாத்திரைப் போத்தலுக்கும் இதுவே பொருந்தும். பற்றாசுக்கு வேண்டியது, உணவுக்கு ஒருநாளும் பயன்பட்டிராத, மூடி திருகி இறுக்கும் கலம்: வர்ணப் பேணி, கொழுப்புமசகுப் பேணி போன்றவை. நன்கு துடைத்துக் கழுவி உலர்த்தியபின் பக்கத்திலே ஒரு சிறு துளை இட்டு, உள்ளே குறுக்காக ஆரைக்கம்பி ஒன்றைச் செருகிக் கட்டையை அதிலே சுழல விட்டால், பேணியைத் திறவாமலே வேண்டிய அளவு பற்றாசை இழுத்துக்கொள்ளலாம். அதனைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்திலே, ஆணியில் மாட்டுக.

முழுக் கட்டையை மேசைக்கு இறக்காமலே வேலை செய்யவும் வழி உண்டு. ஒன்றரை மீற்றர் அளவு பற்றாசைப் பென்சிலிலே நெருக்கமாகச் சுற்றிக் கழற்றினால் நீண்ட சுருளொன்று கிடைக்கும். அதனைத் தடித்த எழுதுகோலின் வெற்றுக்குழலுள் இட்டு, நடுமுனையை நுனித்துளை வழியே வெளியே எடுத்தாற் பேனா பிடிப்பதுபோலப் பிடித்து வேலை செய்யலாம். விரல் குழலைத் தொடுமே அன்றிப் பற்றாசைத் தொடாது. அக்குழலைச் சட்டைப் பையிலே செருகும் பழக்கம் மட்டும் வேண்டா. பேனாவென்று எண்ணிப் பல்லாற் கடிப்போர் நம்முள்ளே பலர்.

காரீயம் இம்மலைகளுக்குப் புதிதும் அன்று. முற்காலத்திலே தேயிலை ஈரம் பிடியாதிருக்கப் பெட்டியின் உட்புறம் முழுவதும் மெல்லிய காரீயத் தகடு விரித்து, நிறைத்தபின் வாயைப் பற்றாசினால் அடைத்தே கப்பலேற்றினர். அலுமினியத் தாள் வந்த பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. மிகப் பழைய பெட்டியொன்றின் பலகையைத் தாங்கிக்கு எடுப்போர், உள்ளே ஒட்டியிருக்கும் தகடு நகத்தாற் கீறினால் மிருதுவாகவும் கனமாகவும் இருக்குமாயின் அது அலுமினியம் அன்று என்று அறிந்து, பலகையையே விட்டுவிடுதல் நன்று.

தட்பத்தைப் பற்றி ஒரு வினா எழலாம். தூய வெள்ளீயம் 13.2 பாகைக்குக் கீழே மெல்ல மெல்லச் சாம்பற் பொடியாக மாறும் இயல்புடையது என்று இரசாயன நூல்களிற் படிக்கின்றோம். நுவரெலியாவில் தை மாதத்து உறைபனியிலே நம் பற்றாசு பொடியாகுமோ? ஆகாது. அம்மாற்றம் விரைய அதனினும் கொடிய குளிர் நெடுங்காலம் வேண்டும். கலந்துள்ள காரீயமும் அதனைத் தடுக்கும். பசைவடிவான பற்றாசுக்கோ குளிர் தேவை. குளிரூட்டியிலே வைக்குமாறு செய்வோர் அறிவுறுத்துவர். உணவு வைக்கும் குளிரூட்டியில் அதனை வைக்கலாகாது. தனிக் குளிரூட்டி இல்லாதோர் ஒரு வேலைக்கு வேண்டிய அளவே வாங்குக.

அடையாளச் சீட்டைப் பென்சிலால் எழுதுக; மை ஈரத்திலே பரவும், பென்சில் பரவாது. கம்பியின் இலக்கத்தோடு அளவு முறையையும் எழுதுதல் வேண்டும். பிரித்தானியர் 1884இல் நியமமாக்கிய முறையில் 22ஆம் இலக்கக் கம்பியின் விட்டம் 0.711 மில்லிமீற்றர், அமெரிக்க முறையில் அதே இலக்கம் 0.644 மில்லிமீற்றர். பழைய கடைச்சரக்கு முன்னதாகவும், சீனத்திலிருந்து வருவது பின்னதாகவும் இருக்கும். முன்னதன் குறுக்குவெட்டு பின்னதைவிட ஐந்திலொரு பங்குக்கு மேல் பெரிது. ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சுற்றினால் மாற்றி சூடேறும்.

ஒவ்வொரு கட்டையிலும் அதன் வெற்று நிறையையும் குறித்து வைத்தால் மற்றொரு பயன் உண்டு. பிரித்தானிய 22ஆம் இலக்க வெறுஞ்செம்பு மீற்றருக்கு ஏறக்குறைய 3.56 கிறாம். கம்பியோடு கட்டையின் நிறை 200 கிறாம், வெற்றுக் கட்டை 40 கிறாம் எனின், எஞ்சியது 160 கிறாம். அதாவது 45 மீற்றர் அளவு. கட்டையை அவிழ்க்காமலே, பலசரக்குக் கடைத் தராசிலே இதனை அறிந்துகொள்ளலாம். பற்றாசுக் கட்டையை மட்டும் அத்தராசிலே வைக்க வேண்டா. அரிசியும் பருப்பும் நிறுக்கும் தட்டு அது.

வெட்டி விழும் துணுக்குகளுக்கு இரண்டு கலங்கள் வேண்டும். செப்புத் துணுக்கு ஒன்றிலே, பற்றாசுத் துணுக்கும் சூட்டுக்கோலிலிருந்து வழித்த கசடும் மற்றொன்றிலே. கூட்டிப் பெருக்கி லயத்தின் முன்னுள்ள மரக்கறிப் பாத்தியிற் கொட்டுதல் கூடாது; காரீயம் மண்ணிலே அழியாது, கீரையிலே ஒட்டி மீண்டும் வீட்டுக்குள் வரும். பற்றாசுத் துணுக்கை அடுப்பிலே உருக்கிப் புதுக் கம்பி வார்க்க முயல்வோரும் உளர். உருக்கிய கம்பியுள் றொசின் இராது, உருக்கிய சட்டியோ பின்பு சமையலுக்கு ஆகாது. அதனை மூடியிட்ட கலத்தில் வைத்திருந்து, பழைய உலோகம் வாங்குவோரிடம் ஈயமென்று சொல்லியே கொடுக்க வேண்டும். செப்புத் துணுக்கைத் தனியே கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும்; பற்றாசு கலந்திருந்தால் வியாபாரி குறைத்தே நிறுப்பார்.